பொய் மேசையில் ஒரு தைல டப்பா

காற்றை அடக்குவது ஒரு கலை என்றால் அதில் பஞ்சர் அக்காவுக்குப் பட்டமே கொடுத்திருக்க வேண்டும். பெரிய சாலையும் பள்ளிக்கூடச் சாலையும் சேருகிற முனையில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே, கைப்பம்பும் ரப்பர் பசையும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாக அவள் கடை இருந்தது. மற்றவர்கள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடுவார்கள். அவள் தேடமாட்டாள். தொட்டியை ஒரு முறை முறைத்துப் பார்ப்பாள். ஓட்டை தானே பயந்துபோய்க் குமிழி விட்டு, இருக்குமிடத்தை ஒப்புக்கொள்ளும். ஒருநாள் கடையைக் கடந்து போன லாரியின் சத்தத்தை வைத்தே, பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருக்கிறது, அதுவும் துருப்பிடித்த ஆணி, அதுவும் கட்டிலிலிருந்து கழன்ற ஆணி என்று சொன்னாளாம். லாரி கொஞ்ச தூரத்தில் நின்றது உண்மை. ஆணியைப் பிடுங்கியதும் உண்மை. கட்டிலைப் பற்றி விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.

பிறகு மிதிவண்டிகள் குறைந்தன. டியூபே இல்லாத டயர்கள் வந்தன. கடையை மூடியபோது அவள் அழவில்லை. எதிர்வீட்டு நாய்தான் ஊளையிட்டது. அதுவும் மதியச் சாப்பாட்டில் அதற்கு விழும் பங்கு நின்றுபோன துக்கத்தில். அக்கா தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய எரிவாயு ஆலையின் பயிற்சிக்கூடத்தில் போய்ப் பெயர் கொடுத்தாள்.

அந்த ஆலையின் வேலையைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உலவியது. விஷயம் இதுதான். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கிற மின்சாரம், பந்திக்கு முந்திப் படைக்குப் பிந்தும் உறவுக்காரரைப் போன்றது. நடுப்பகலில் ஊருக்கே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு வந்து குவியும். விளக்கேற்றுகிற நேரத்தில் தேடினால் ஆளைக் காணோம். ஆகவே, வந்து குவியும்போதே அதைப் பிடித்து, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் வேலையில் ஆலை உட்கார்த்திவிடும். ஹைட்ரஜனை அழுத்திப் பெரிய தாங்கிகளில் அடைத்து வைத்தால் எப்போது வேண்டுமானாலும் எடுத்து எரிக்கலாம். மாலையில் நகரப் பேருந்துகளும், பக்கத்துக் கண்ணாடித் தொழிற்சாலையின் உலையும் அதில்தான் ஓடின. கூடவே பிறக்கும் ஆக்சிஜன் உருளைகளில் ஏறி மருத்துவமனைக்குப் போனது.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார், "வெயிலை ஊறுகாய் போடுற இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அது தப்பும் இல்லை. ஆனால் நாத்தனார் நல்லதாக ஒன்று சொன்னால் பின்னாலேயே ஊசி ஒன்று வரும். "டயர்ல காத்தடிச்சவ இப்ப டாங்கில காத்தடிக்கப் போறா. இதுக்கு எதுக்கு ஒரு படிப்பு?" என்றாள். பஞ்சர் அக்காவின் கணவர் தையல்காரர். கீழ்வீட்டு முன்னறையில் இயந்திரம் போட்டிருந்தார். உடன்பிறந்தவளின் பேச்சுக்கும் மனைவியின் பேச்சுக்கும் நடுவில் தலை கொடுக்காமல் பல ஆண்டுகள் பிழைத்த மனிதர் அவர். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கண்டுபிடித்த ஞானம்.

பயிற்சிக்கூடத்தில் எல்லாரும் வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு பலகைமுன் உட்கார்வது எளிதல்ல. வாத்தியார் நல்ல மனிதர், அழகாகப் படம் போடுவார், "புரியுதா?" என்று கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். புரியவில்லை என்று முதலில் சொல்கிற ஆள் யார்? அவரவர் தொழிலில் ராஜாவாக இருந்தவர்கள். இங்கே வந்து மந்த மாணவன் என்று பெயரெடுக்க யாருக்கு மனசு வரும்? ஆகவே வகுப்பில் தலைகள் ஆடின. தலைக்குள் ஒன்றும் ஆடவில்லை.

படிப்பு நடந்த இடம் வேறு. பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் மின்கம்பி சுற்றி வந்த பெரிய மர உருளையைப் படுக்கப் போட்டு மேசையாக்கியிருந்தார்கள். தேநீர் நேரத்தில் அதைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததை அளப்பார்கள். ஒருநாள் சமையல்காரர் (ஒரு பெரிய விடுதியின் சமையலறையை ஆண்டுவிட்டு வந்தவர்) ஒரு கதை விட்டார். ஆலையிலிருந்து ஒரு குழாய் இழுத்து, ஒரு கரண்டி ஹைட்ரஜனில் ஊர் முழுவதற்கும் சோறு ஆக்கினாராம். பானையே சமைந்து போகிற அளவுக்குச் சூடாம். எல்லாரும் சிரித்தார்கள். முன்பு நகரப் பேருந்து ஓட்டிய டிரைவரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அது சரி அண்ணே, குழாய்க்குள்ள இருந்த காத்த என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எந்தக் காத்த?"

"முதல்ல நைட்ரஜன் விட்டுக் காத்த வெளிய தள்ளணும்ல? நீங்க தள்ளல. காத்தும் ஹைட்ரஜனும் கலந்த குழாயில அடுப்பப் பத்த வச்சா, சோறு வேகாது, நீங்கதான் வேவீங்க."

சமையல்காரர் டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினார். அன்று எல்லாருடைய டம்ளரையும் அவரே கழுவினார். அதோடு ஒரு சட்டம் பிறந்தது. மேசையில் சொல்வது கட்டாயம் பொய்யாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொய்க்குள் வால்வு திறக்கிற வரிசையும் குழாய் பூட்டுகிற முறையும் சரியாக இருக்க வேண்டும். முறை தப்பினால் டம்ளர் கழுவ வேண்டும். உண்மையைச் சொல்லி மாட்டினாலும் டம்ளர் கழுவ வேண்டும். உண்மை பேசத்தான் வகுப்பு இருக்கிறதே. வாத்தியாருக்கு அந்த மேசையில் இடமில்லை. அவருக்கு அது தெரியும். தேநீர் நேரத்தில் அந்தப் பக்கம் வராமல் இருப்பதுதான் தன் பங்கு என்று அவர் புரிந்துகொண்டிருந்தார்.

பொய்க்குப் பஞ்சர் அக்காவை மிஞ்ச ஆளில்லை. அவள் சொன்ன தாங்கிக் கதை இன்றும் அந்த அறையில் உலவுகிறது. அன்று அடித்த காற்றில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் அடுத்த ஊருக்குப் போய் அங்கேயே காய்ந்ததாம். காற்றாலை சுற்றிய வேகத்தில் சுற்றுவதே தெரியவில்லையாம். மின்சாரம் வந்து கொட்டக் கொட்ட ஹைட்ரஜன் பெருகி, உலகத்திலேயே இலேசான அந்த வாயு, தாங்கியையே மெல்லத் தரையிலிருந்து தூக்கியதாம். கன்றுக்குட்டி தலை தூக்குவது போல முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அக்கா என்ன செய்தாள்? முதலில் மின்சாரத்தைக் குறைத்தாள். பிறகு தாங்கிக்குப் போகும் வழியை அடைத்தாள். பிறகுதான் வாயுவை வெளியே விடும் போக்குக் குழாயை மெல்ல, மிக மெல்லத் திறந்தாள். தாங்கி இறங்குவதற்குள் பறந்துவிடாமல் இருக்க, கணவரின் அளவு நாடாவால் அதைக் கட்டிப் போட்டாள். "தாங்கி இறங்கிடுச்சு. நாடாதான் இழுபட்டுப் போச்சு. அன்னையிலேர்ந்து எங்க வீட்டுக்காரர் தைக்கிற சட்டையெல்லாம் ஒரு சுத்து பெருசு." வரிசையில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தையல்காரர் ஒரு முறை சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்து கொடுத்தபோது, எல்லாரும் தங்கள் சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவேயில்லை.

இப்படியாகப் பயிற்சி முடியும் காலம்வரை பஞ்சர் அக்கா ஒரு டம்ளரும் கழுவியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை. பெருமை என்றால் கொஞ்சநஞ்சமல்ல. டம்ளர் தொட்டியின் பக்கம் போகும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவாள்.

கடைசியாகத் தேர்வு வேலை வந்தது. ஆளுக்கொரு பாகத்தை நிஜமான ஆலைக்குழாயில் பூட்டிக் கொடுக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வந்து, அதில் வாயுவை விட்டு ஓட்டிப் பார்ப்பார். தேறினால் ஆலையில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் கவிழ்த்த தொட்டியை மறுபடி நிமிர்த்த வேண்டியதுதான். அந்த முனையில் இப்போது கைப்பேசி ரிப்பேர்க் கடை வந்துவிட்டதால் தொட்டியை எங்கே நிமிர்த்துவது என்பது வேறு கேள்வி.

அக்காவுக்கு விழுந்தது ஆக்சிஜன் பக்கம். மருத்துவமனை உருளைகளுக்குப் போகும் அழுத்தக் குழாயில் ஒரு வால்வு. அதற்கு அடுத்த இணைப்பு டிரைவரம்மாவுக்கு. பரிசோதனை நாளில் அந்த வால்வைத் திறக்கும் பொறுப்பு சமையல்காரருக்கு.

ஆக்சிஜன் பக்கத்துக்கு ஒரு பெரிய சட்டம் உண்டு: எண்ணெய்ப் பசை கூடாது. வெளியே சாதுவாக இருக்கிற கிரீஸ், அழுத்தமான சுத்த ஆக்சிஜனைச் சந்தித்தால் சாமி வந்தது போல ஆகிவிடும். வால்வைத் திறக்கிற வேகமே போதும், தீக்குச்சி வேண்டாம், தானாகப் பற்றும். இரும்பும் கூடச் சேர்ந்து எரியும். இதை வாத்தியார் சிவப்புச் சுண்ணக்கட்டியில் எழுதிப் போட்டார். எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். பஞ்சர் அக்கா தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்த அறைக்குள் போகுமுன் கைப்பேசி, சாவி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைத்தாள். சுத்தமான கையுறை போட்டாள். நீலப் பட்டை ஒட்டிய தனி ஸ்பானர்களை மட்டும் எடுத்தாள். வால்வு குழாயின் திருகு மரையில் அழகாக ஏறி உட்கார்ந்தது. வாத்தியார் நைட்ரஜன் விட்டுச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "கசிவே இல்ல, பிரமாதம்" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து நாத்தனாருக்குக் கேட்கும்படியாகவே பாட்டு முணுமுணுத்தாள்.

அன்று மாலை தையல் இயந்திரத்தின் மிதி கிறீச்சிட்டது. "கொஞ்சம் கிரீஸ் இருக்கா?" என்றார் கணவர். கேட்டதுதான் தாமதம், அக்காவின் கை சட்டைப் பைக்குள் போய்த் தைல டப்பாவோடு வந்தது.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதோ தலைவலித் தைலம் இருந்த சின்னத் தகர டப்பா. தைலம் தீர்ந்த நாளிலிருந்து அதில் கிரீஸ்தான். கடைக் காலத்தில் எந்தத் திருகைப் பூட்டுமுன்னும் அவள் அதில் ஒரு தொடு தொட்டு மரையில் இழுப்பாள். கட்டைவிரல் பைக்குள்ளேயே மூடியைத் தள்ளும். ஆள்காட்டி விரல் தொட்டெடுக்கும். வெளியே வந்து மரையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடும். இதெல்லாம் கையே பார்த்துக்கொள்ளும் வேலை. அவளைக் கேட்பதில்லை. எந்தச் சட்டை போட்டாலும் டப்பா வலது பைக்குள் இருக்கும். அலமாரியில் சாவியை வைத்தவள் அதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், பல்லைக் கழற்றி அலமாரியில் யாராவது வைப்பார்களா? அது அவளுக்குப் பொருளாகவே படவில்லை.

அன்று காலைதான் டப்பாவில் புதுக் கிரீஸ் நிரப்பி, கத்தியால் வழித்துக் கண்ணாடி போலச் சமன் செய்திருந்தாள். இப்போது மூடியைத் திறந்தாள். நடுவில் ஒரு குழி. ஆள்காட்டி விரலின் அளவுக்கு, விரல்நுனியின் வளைவு தெரிகிற குழி.

தையல்காரர் மிதிக்குக் கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் டப்பாவையே பார்த்தாள். இன்று எங்கே எதைப் பூட்டினாள்? வாசல் கதவு? இல்லை. மிதிவண்டி? இல்லை. இன்று முழுவதும் அவள் பூட்டியது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன, காலியா?" என்றார் கணவர்.

"இல்லீங்க. நிறையத்தான் இருக்கு" என்று சொல்லி டப்பாவை மூடினாள். மிதி அன்று முழுவதும் கிறீச்சிட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, வலது கையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல முறைத்துக்கொண்டிருந்தாள். வாய் சட்டத்தை மனப்பாடம் செய்தது. கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பில் அது மேசைக்குக் கீழே இருந்தது.

சொல்லிவிட்டால் தேர்வு போயிற்று. சொல்லாவிட்டால், நாளை அந்த வால்வைத் திறக்கப் போவது சமையல்காரரின் கை. ஒருவேளை கிரீஸ் மரையின் வெளிப்பக்கத்தோடு நின்றிருக்கலாம். ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளைகளை நினைத்து அவள் புரண்டு படுத்தாள். வாத்தியாரிடம் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் தூக்கம் வந்தது.

காலையில் வாத்தியார் தனியாக இல்லை. பரிசோதகர் வந்துவிட்டார். அக்காவைவிட வயதில் மிகச் சின்னவர்; முடியை இறுகப் பின்னி, எதையும் தொடுமுன் ஒரு கணம் நின்று பார்க்கிற பெண். அக்கா வாசலில் நின்றதைக் கண்டதும் வாத்தியார் முகம் மலர்ந்து, "இவங்கதான் நான் சொன்னவங்க. இவங்க பூட்டினா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்றார். பரிசோதகர் கை குலுக்கினார். அதே வலது கை. அக்காவின் வாய்வரை வந்த சொல் திரும்பித் தொண்டைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. அவர்கள் இருவரும் தாங்கிகளைப் பார்க்கப் போனார்கள். தேநீர் முடிந்ததும் ஆக்சிஜன் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தேநீர் மேசையில் எல்லாரும் குஷியாக இருந்தார்கள். ஓயாமல் பேசுவதால் அல்ல, ஒரு வார்த்தையும் பேசாததால் ரேடியோ என்று பெயர் பெற்ற வெல்டர்கூட அன்று சிரித்த முகமாக இருந்தார். "கடைசி நாள். அக்காதான் தொடங்கணும்" என்றார் சமையல்காரர். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள் அக்கா. வாத்தியாரிடம் வராத சொல்லுக்கு இங்கே ஒரு வழி திறந்தது.

"ஒரு ராணி இருந்தா" என்று தொடங்கினாள். குரல் வழக்கம்போல வரவில்லை, ஆனால் வந்தது. அந்த ராணிக்கு ஒரு கை இருந்ததாம். பெரிய போக்கிரிக் கை. ராணி தூங்கும்போதுகூட அது எழுந்து போய் அரண்மனைக் கதவுகளுக்கெல்லாம் கிரீஸ் போட்டுவிட்டு வருமாம். ஒருநாள் ராணி ஆக்சிஜன் அறைக்குப் போனாள். சாவியை வைத்தாள், வளையலை வைத்தாள். கையுறை போட்டாள். நீலப் பட்டை ஸ்பானரை எடுத்தாள். வால்வை எடுத்து மரையில் ஒரு தொடு கிரீஸ் இழுத்து...

"நில்லு நில்லு" என்றார் சமையல்காரர். மேசையைத் தட்டினார். "ஆக்சிஜன் பக்கம் கிரீஸா? அக்கா மாட்டிக்கிட்டாங்க."

அறையே அதிர்ந்தது. டிரைவரம்மா டம்ளர்களை ஒவ்வொன்றாகக் குவித்து அக்காவின் முன் தள்ளினாள். "எத்தனை நாளாக் காத்திருந்தோம். நல்லா தேச்சுக் கழுவுங்க, ராணியம்மா."

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்று. பின்னால் சமையல்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வால்வைத் தன் கையால் திறக்கப் போகிற மனிதரின் சிரிப்பு அது. அவள் குழாயை மூடினாள்.

"ரெண்டு தடவை கழுவணும்" என்றாள், திரும்பாமலே.

"ஏன், ஒண்ணு போதும்."

"முறை தப்பினதுக்கு ஒண்ணு. உண்மையச் சொன்னதுக்கு ஒண்ணு. அண்ணே, அந்த வால்வ நீங்க தொடாதீங்க."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அக்கா பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து, ஈரக் கையோடு மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். குழியைக் காட்டினாள். விளக்கம் தேவைப்படவில்லை; அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் ஒரு கை இருந்தது, அந்தக் கைக்கு ஒரு பழைய தொழிலும் இருந்தது.

முதலில் பேசியது ரேடியோதான். "வாங்க, போகலாம்" என்றார். அவர் பேசியதே பாதி அதிர்ச்சி.

பரிசோதகரிடமும் வாத்தியாரிடமும் அக்காவே சொன்னாள். அதைச் சுற்றி வளைக்காமல், ராணியை விட்டுவிட்டு, நான்தான் தொட்டேன் என்று சொன்னாள். பரிசோதகர் ஒரு கணம் நின்றார்; பிறகு வால்வைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். விளக்கை அணைத்து, பெட்டியிலிருந்து ஊதா நிற விளக்கு ஒன்றை எடுத்தார். அந்த ஒளியில் எண்ணெய்ப் பசை மினுங்கும். இருட்டில் மரையின் சுற்றில் ஒரு கோடு, மின்மினியை நசுக்கி இழுத்தது போல, வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. வெளிப்பக்கத்தோடு நிற்கவில்லை. உள்ளே வரை போயிருந்தது.

சமையல்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் நகர்ந்து அக்காவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"மத்த இணைப்பையும் பாத்துடலாம்" என்றார் பரிசோதகர். விளக்கு குழாய் நெடுகப் போனது. ரேடியோ பற்ற வைத்த இடம் சுத்தம். அடுத்தது சுத்தம். டிரைவரம்மாவின் இணைப்பில் வந்ததும் ஒரு கட்டைவிரல் ரேகை, படம் வரைந்தது போல ஒளிர்ந்தது.

"நான் கிரீஸையே தொடல" என்றாள் டிரைவரம்மா. பிறகு தன் கையை மோந்து பார்த்தாள். மெல்ல, "கை வெடிக்குதுன்னு தினம் காலையில கிரீம் போடுவேன். மரை சரியா உக்காந்துதான்னு பாக்கக் கையுறைய ஒரு நிமிஷம் கழட்டினேன்" என்றாள். ரோஜாப்பூ வாசனைக் கிரீம். சட்டத்தில் கிரீஸ் என்றும் எண்ணெய் என்றும் இருந்ததே தவிர, ரோஜாப்பூ என்று இல்லை.

அன்று ஆக்சிஜன் குழாய் திறக்கப்படவில்லை. பரிசோதகர் கண்டிப்பான பெண். பஞ்சர் அக்காவும் டிரைவரம்மாவும் அந்தப் பகுதியை மறுபடி செய்து காட்ட வேண்டும், அதுவரை வேலை உறுதியில்லை என்றார். அதற்கு மேல் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. இது எப்படித் தெரிய வந்தது என்று மட்டும் வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் பின்னறை இருந்த பக்கத்தைப் பார்த்து, "இவங்களுக்கு ஒரு மேசை இருக்கு. எனக்கு அங்க இடமில்ல" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை.

வீட்டில் நாத்தனார் படிக்கட்டிலேயே காத்திருந்தாள். தேறவில்லை என்றதும், "நான் அப்பவே..." என்று தொடங்கினாள். அக்கா நடந்ததைச் சொன்னாள். வால்வு, சமையல்காரரின் கை, இருட்டில் ஒளிர்ந்த கோடு. நாத்தனார் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. "அந்தச் சமையல்காரருக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றாள் அக்கா. "நல்ல வேலை செஞ்ச" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள். நாத்தனார் பின்னாலேயே ஊசி வராமல் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான் என்பது அந்த வீட்டின் வரலாறு.

ஆனால் கையை என்ன செய்வது? டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கை சும்மா இருக்குமா? ஒருநாள் டப்பா பைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. கையைக் கட்டிப் போட்டால் வேலை எப்படிச் செய்வது? இப்படி அவள் புலம்பிக்கொண்டிருக்க, தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்தார். அவர் பேசப் போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"அந்த வேலைச் சட்டையக் கொண்டா" என்றார்.

சட்டையை இயந்திரத்தில் மாட்டி, வலது பையின் வாயைக் குறுக்காக, நெருக்கமான தையலில், போகவும் வரவும் அடித்து மூடிவிட்டார். பை இருந்தது, வாசல் இல்லை. மிதி இன்னும் கிறீச்சிட்டது. கழற்றி நூலை வெட்டிக் கொடுத்தபோது, "கைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. அது போற வழிய அடைக்கலாம்" என்றார். பிறகு ஊசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அந்த ஆண்டுக்கான பேச்சு தீர்ந்தது.

மறுதேர்வு நாளில் அதே பரிசோதகர் வந்தார். அக்கா சாவியை வைத்தாள், வளையலை வைத்தாள், கையுறை போட்டாள், புது வால்வை எடுத்தாள். மரையைப் பொருத்தப் போகிற கணத்தில் வலது கை கிளம்பியது. கிளம்பிப் பைக்குப் போனது. துணியில் முட்டியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிப் பார்க்கும் விருந்தாளியைப் போல ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து ஸ்பானரைப் பிடித்தது. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பரிசோதகர் என்னவென்று கேட்க, அவள் மூடிய பையைக் காட்டினாள். அந்தக் கண்டிப்பான பெண் தையலை விரலால் நீவிப் பார்த்து, "இத யாரு தச்சாங்க?" என்றார்.

ஊதா விளக்கில் மரை இருட்டாகவே இருந்தது. டிரைவரம்மாவின் இணைப்பும் இருட்டு. அவள் காலையிலிருந்து வெடித்த கையோடு பொறுத்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் வந்து நின்று, மூச்சைப் பிடித்து, வால்வை மெல்ல, மிக மெல்லத் திறந்தார். உருளைகளுக்குள் ஆக்சிஜன் ஏறும் இரைச்சல் மட்டும் கேட்டது. இருவருக்கும் வேலை உறுதியாயிற்று. அதன்பின் ஆக்சிஜன் பக்கம் போகிறவர்களுக்குப் பையில்லாத சட்டை என்று ஆலையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. தைக்கும் வேலை யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாச் சட்டைகளும் கொஞ்சம் பெரிதாகவே இருந்தன. அது நாடாவின் குற்றம்.

அன்று தேநீர் மேசையில் பஞ்சர் அக்கா அந்தக் கை பூட்டிய வீட்டைத் தட்டிய கதையைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து டிரைவரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கதை முடிந்ததும் ரேடியோ தொண்டையைக் கனைத்தார்.

"முறை சரி" என்றார். "ஆனா இது பொய் இல்லியே, அக்கா."

அதற்கு மறுப்பில்லை. அக்கா எழுந்து, எல்லாருடைய டம்ளரையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம். பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஆலை அதை வாங்கி வாங்கி அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டம்ளரையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பசை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கவிழ்த்தாள்.